ஜி பக்கத்தில் ஒரு கூட்டல் குறி

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளைத் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. தக்காளி மண்டிக்கு அருகில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். சிறுவயதில் மூன்று ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவர். கிட்டார், தானாகவே பழகிய நான்கு ஆண்டுப் பழக்கம். பங்குக் கோவில் பாடல் குழுவில் ஞாயிறுதோறும் வாசிக்கிறார். குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒரு புதுப் பாட்டுக்கு கார்டுகளை, அதாவது ஒரே அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, எழுதிக் கொடுத்தார். நான்காவது வரியின் முடிவில் ‘ஜி’, அதற்குப் பக்கத்தில் நெருக்கமாக ‘ஜி+’, அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘சி’. முதல் ஞாயிறு நம் வாசகர் கூட்டல் குறியைப் பொருட்படுத்தாமல் வெறும் ஜி வாசித்தார். பிழை ஏதும் தெரியவில்லை. அன்று கீபோர்டுக்காரர் வரவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் கைபேசியில் தேடி, அது ஆக்மென்டட் கார்டு என்று கண்டுபிடித்து, அந்த இடம் முழுவதும் அதையே வாசித்தார். பாடியவர்கள் தடுமாறினார்கள். திருப்பலி முடிந்ததும் குழுவின் மூத்தவர் ஒருவர், “கோவிலில் இந்தச் சாத்தான் கார்டு எதற்கு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து இவருக்குக் கிட்டார் மேல் சந்தேகம். சி கார்டு இனிமையாகக் கேட்கும்வரை கம்பிகளைத் திருகிச் சுருதி சேர்க்கிறார். ஆக்மென்டட் வாசித்தால் அப்போதும் புளிக்கிறது. 6,500 ரூபாய்க்கு வாங்கிய கிட்டாரைத் தள்ளிவிட்டு 20,000 ரூபாயில் புதிது வாங்கலாமா என்று யோசிக்கிறார். கடை ஷட்டர் விழுந்து இடது சுண்டுவிரல் முழுதாக மடங்காமல் போன கதையும் இருக்கிறது. அவர் கேட்பவை நான்கு: இந்தக் கார்டு தவறானதா? ஒரே விரல் வடிவத்துக்கு மூன்று பெயர் போட்டிருக்கிறார்களே, எது சரி? கிட்டாரை மாற்ற வேண்டுமா? பேசாமல் ஜி மட்டும் வாசித்துவிட்டுப் போனால் என்ன?

அன்புள்ள வாசகருக்கு,

கிருஷ்ணகிரியில் இருபது ஆண்டுகளாகக் கிட்டார் சொல்லித்தருகிறேன். இந்தக் கூட்டல் குறியில் இடறி விழாத மாணவரை நான் பார்த்ததில்லை. அதனால் முதலில் வெட்கத்தை விடுங்கள். அன்று நீங்கள் வாசித்த கார்டு சரி; வாசித்த நேரம்தான் தவறு. அந்தத் தாளில் ‘ஜி’யும் ‘ஜி+’ம் ஒட்டி எழுதப்பட்டிருந்ததாக நீங்களே சொல்கிறீர்கள். அப்படி எழுதினால் முன்பாதிக்கு ஜி, பின்பாதிக்கு ஜி+ என்று பொருள். நீங்கள் முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாவதையே இரு பாதிக்கும் நிரப்பியிருக்கிறீர்கள். எழுதியவரும் எத்தனை தாளம் என்று குறித்திருக்கலாம். பழி பாதிப் பாதி.

கூட்டல் என்றால் எதையும் கூட்டுவதில்லை

ஜி கார்டில் இருப்பவை மூன்று ஸ்வரங்கள்: ஜி, பி, டி. ‘+’ என்பது இன்னொரு ஸ்வரத்தைச் சேர் என்று சொல்லவில்லை. மூன்றாவதான டியை ஒரு ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம், உயர்த்து என்கிறது. ஜி, பி, டி ஷார்ப். அவ்வளவுதான். ‘ஜி+9’ என்று எங்காவது கண்டால் மட்டும் எழுதியவரையே கேட்டுவிடுங்கள். அதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

நீங்கள் வாய்ப்பாட்டு கற்றவர் என்பதால் இன்னொரு வழியாகவும் சொல்கிறேன். சரளி வரிசை எந்த ராகத்தில் பாடினீர்கள்? மாயாமாளவகௌளை. அதில் சட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் மூன்றையும் எடுத்து ‘ச க த’ என்று தாண்டித் தாண்டிப் பாடிப் பாருங்கள். அதுதான் ஆக்மென்டட் கார்டு. சட்ஜத்தை சி என்று வைத்தால் அது சி+. பத்து வயதில் தொண்டையில் இருந்தது இப்போது விரலுக்கு வரவேண்டியிருக்கிறது. கீரவாணியிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது: சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். ராகத்தில் இந்த ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் காது பொறுத்துக்கொள்கிறது. கிட்டாரில் மூன்றும் ஒரே அடியில் விழும்போதுதான் திடுக்கிடுகிறது.

அந்த மூத்தவர் சொன்னதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மேலை இசையில் சாத்தான் பெயர் ஒட்டிக்கொண்டது ஆறு ஃப்ரெட் இடைவெளிக்கு. ஆக்மென்டட் கார்டில் ஆறு ஃப்ரெட் இடைவெளியே கிடையாது. எந்த இரண்டு ஸ்வரத்தை எடுத்தாலும் நான்கு அல்லது எட்டு. ஆனால் நீங்கள் எல்லா ஞாயிறும் வாசிக்கும் ஜி7 கார்டில் (ஜி கார்டோடு எஃப் சேர்ந்தது), பிக்கும் எஃபுக்கும் நடுவே, அந்த ஆறு ஃப்ரெட் உட்கார்ந்திருக்கிறது. யாரும் எதுவும் சொன்னதில்லை அல்லவா? இதை அவரிடம் போய் வாதமாகச் சொல்ல வேண்டாம். பெரியவர், அவர் காதில் பட்டது உண்மையான உரசல்தான், பெயர்தான் மாறிப்போயிற்று.

உரசல் எங்கே வந்தது

பாடியவர்கள் அந்த வரியின் கடைசி அசையை நீட்டிப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டு சியில், அதாவது சட்ஜம் சி. ஜி கார்டின் மேல் நீட்டும் ஸ்வரம் பெரும்பாலும் டி, அதாவது உங்கள் கணக்கில் சதுஸ்ருதி ரிஷபம். அவர்கள் ரிஷபத்தில் நிற்கும்போது நீங்கள் அதற்கு ஒரு ஃப்ரெட் மேலே சாதாரண காந்தாரத்தை அடித்தீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் எந்தப் பாடகரும் தடுமாறுவார். பாட்டு ரிஷபத்தை விட்டுக் கிளம்பிய பிறகு, அடுத்த வரியின் அந்தர காந்தாரத்துக்கு ஏறும் முன் அந்த டி ஷார்ப் வரவேண்டும். அப்போது அது உரசாது, படிக்கட்டில் நடுப்படியாக நிற்கும். டி, டி ஷார்ப், இ. ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கையில் காட்டுவது எளிது. கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த மூன்று கம்பிகளை மறந்துவிடுங்கள். மெல்லிய மூன்று மட்டும்.

ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து முதல் கம்பியையும் இரண்டாம் கம்பியையும் 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். நடுவிரல் மூன்றாம் கம்பியில் 4ஆம் ஃப்ரெட். இது முழு ஜி கார்டு. இப்போது வேறு எதையும் அசைக்காமல் மோதிரவிரலை இரண்டாம் கம்பியில் 4ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். ஜி+ வந்துவிட்டது. அடுத்து நடுவிரலையும் மோதிரவிரலையும் கம்பியை விட்டுத் தூக்காமல் சேர்த்து ஒரு ஃப்ரெட் மேலே, 5க்கு, நகர்த்துங்கள். ஆள்காட்டி விரல் முதல் கம்பியில் 3லேயே இருக்கட்டும். இது சி. மூன்றாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை எண்ணாக எழுதினால்:

ஜி: 4, 3, 3
ஜி+: 4, 4, 3
சி: 5, 5, 3

இரண்டாம் கம்பியை மட்டும் தனியாக மீட்டிக் கேளுங்கள்: 3, 4, 5. அந்த மூன்று ஒலிகளுக்காகத்தான் உங்கள் கீபோர்டு இளைஞர் கூட்டல் குறி போட்டார். ஜிக்கு இரண்டு தாளம், ஜி+க்கு இரண்டு தாளம், பிறகு சி. மெதுவாக இருபது முறை வாசியுங்கள். பிறகு ஜி+இல் நின்றுவிட்டு சிக்குப் போகாமல் கையை எடுத்துப் பாருங்கள். தும்மல் வந்து நின்றுபோனது மாதிரி இருக்கும். நான் வகுப்பில் இதைச் செய்து காட்டினால் சின்னப் பிள்ளைகள் “சார், முடிங்க சார்” என்று கத்துவார்கள்.

கவனித்தீர்களா, இதில் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. புத்தகங்களில் காட்டும் சி+ வடிவத்தில் சுண்டுவிரலை நீட்டச் சொல்வார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. ஒன்று மட்டும்: விரலில் வலி ஏறினாலோ மரத்துப்போனாலோ பயிற்சியால் சரியாகும் என்று அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். அது எலும்பு மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம், என் வேலையில்லை.

மூன்று பெயர் ஏன்

நீங்கள் குழம்பிய இடத்தில்தான் இந்தக் கார்டின் அழகு இருக்கிறது. சாதாரண ஜியில் முதல் இடைவெளி நான்கு ஃப்ரெட், அடுத்தது மூன்று. அந்த ஏற்றத்தாழ்வால்தான் எது தலைவன் என்று காதுக்குத் தெரிகிறது. ஆக்மென்டட்டில் எல்லாம் நான்கு. ஜியிலிருந்து பிக்கு நான்கு, பியிலிருந்து டி ஷார்ப்புக்கு நான்கு, அங்கிருந்து மேல் ஜிக்கும் நான்கு. பன்னிரண்டைச் சரியாக மூன்று பங்கு வைத்தாயிற்று. தலைவனே இல்லாத மூன்று பேர் கூட்டம். யாரை முன்னால் நிறுத்தினாலும் அதே மூன்று பேர்: ஜி+, பி+, டி ஷார்ப்+ மூன்றும் ஒன்றேதான். கிரக பேதம், அதாவது வேறொரு ஸ்வரத்தைச் சட்ஜமாக வைத்துப் பாடுவது, தெரிந்தவருக்கு இது ஒரு வரியில் புரியும். ‘ச க த’வில் காந்தாரத்தைச் சட்ஜமாக்கினாலும் ‘ச க த’வே வருகிறது.

ஆக, பன்னிரண்டு பெயர் இருந்தாலும் கையில் பிடிக்கவேண்டிய ஆக்மென்டட் கார்டுகள் நான்கே நான்கு. இப்போது அதே 4, 4, 3 வடிவத்தை அப்படியே நான்கு ஃப்ரெட் தள்ளி 8, 8, 7இல் வையுங்கள். ஸ்வரங்கள் மாறவில்லை, வரிசைதான் மாறியது. இன்னும் நான்கு தள்ளினால் 12, 12, 11. மறுபடி அதே. ஆறு கம்பிக்கும் விரித்துப் பார்த்தால் தடித்த கம்பியிலிருந்து 7, 6, 5, 4, 4, 3 என்று இறங்கும். எங்கள் ஊர் மலைக்கோட்டைப் படிகளைப் போல ஒவ்வொன்றாக இறங்கி, மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் நடுவே மட்டும் ஒரு சமதளம். கிட்டாரில் அந்த இரண்டு கம்பிக்கு இடையில்தான் நான்கு ஃப்ரெட் இடைவெளி, மற்றவற்றுக்கு ஐந்து. சமதளம் அதனால் வந்தது. ஆறையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லவில்லை. கம்பிக்கு ஒன்றாக மீட்டிக்கொண்டு இறங்கினால் போதும், வடிவம் மனதில் பதிந்துவிடும்.

பெயர் எது சரி என்றால்: கீழே ஒலிக்கும் ஸ்வரத்தையும் அடுத்து வரும் கார்டையும் பாருங்கள். கீபோர்டின் இடதுகை ஜியில் இருக்கிறது, அடுத்து சி வருகிறது, எனவே ஜி+. அதே மூன்று ஸ்வரம் பியின் மேல் நின்று இ கார்டுக்குப் போனால் பி+ என்று எழுதுவார்கள். பெயர் என்பது போகும் ஊரைப் பொறுத்தது; தருமபுரியில் ஒரே நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸில் பலகை மட்டும் வேறாக இருப்பதைப் போல.

தலைவன் இல்லாததால் இன்னொரு நன்மை. இதில் ஏதாவது ஒரு ஸ்வரத்தை ஒரு ஃப்ரெட் இறக்கினால் ஜி, சி போன்ற ஒரு மேஜர் கார்டு கிடைக்கும். ஏதாவது ஒன்றை ஏற்றினால் ஒரு மைனர், அதாவது முதல் இடைவெளி மூன்று ஃப்ரெட்டும் அடுத்தது நான்குமான கார்டு. ஜி+இல் டி ஷார்ப்பை இறக்கினால் ஜி, ஏற்றினால் இ மைனர். இப்படி ஒரு கார்டுக்கு ஆறு வாசல். எல்லாவற்றையும் நான் எழுதிவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை. மீதி நான்கைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

கிட்டார் குற்றவாளியா

ஓரளவு. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல.

சி கார்டு தேனாகக் கேட்கும்வரை கம்பியைத் திருகுவதாக எழுதினீர்கள். நல்ல காது இருப்பவர்கள் செய்யும் தவறு இது. சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள தூய இடைவெளி நான்குக்கு ஐந்து என்ற விகிதம். அந்த நான்குக்கு ஐந்தை மூன்றுமுறை அடுக்கினால் 64க்கு 125. மேல் சட்ஜம் வரவேண்டுமானால் 64க்கு 128 வேண்டும். மூன்று குறைகிறது. கிட்டாரில் அந்தக் குறை ஒரு ஃப்ரெட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு; காதுக்கு நன்றாகவே தெரியும். இதைச் சமாளிக்கத்தான் ஃப்ரெட்டுகளை ஒவ்வொரு காந்தாரமும் கொஞ்சம் அகலமாக ஒலிக்கும்படி அடித்திருக்கிறார்கள். நீங்கள் சி கார்டில் ஒரு காந்தாரத்தை இனிக்கவைத்தால் ஆக்மென்டட்டில் இன்னொன்று அதற்குச் சேர்த்துப் புளிக்கும். இந்தக் கார்டில் மூன்று இடைவெளியும் சமமாக இருக்கவேண்டும் என்பதால் ஏமாற்று வேலை உடனே பிடிபடும். ஆகவே ஆறு கம்பியையும் தனித்தனியாக ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு கையை வைக்காதீர்கள். அந்த இடத்தில் காதைக் கொஞ்சம் அடக்கிவைக்கவேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை.

இரண்டாவது, நீங்கள் தேடிக் கண்ட சி+ வடிவம் முதல் ஃப்ரெட்டில் இரண்டு கம்பிகளை அழுத்தச் சொல்கிறது. விலை குறைந்த கிட்டார்களில் சுருதி ஏறிக்கொள்ளும் இடம் அதுவே. கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் பள்ளத்தில் அமரும் வெள்ளைத் துண்டை ‘நட்’ என்பார்கள். அதன் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் கம்பி உயரமாக நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி இழுபட்டு ஸ்வரம் ஏறும். சோதனை எளிது. ஒரு கம்பியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் உலோகத்துக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். மயிரிழை இடைவெளி இருந்தால் சரி. தடித்த அட்டை நுழையும் அளவு இருந்தால் நட்டைக் கொஞ்சம் அராவ வேண்டும். அதை நீங்களே அரம் எடுத்துச் செய்யாதீர்கள். அதிகமாகப் போனால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், துண்டையே மாற்றவேண்டிவரும். ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும்போது கிட்டார் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன் கம்பியை மாற்றிப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இல்லாததிலிருந்தே எனக்குப் பதில் தெரிகிறது. பிறகு 12ஆம் ஃப்ரெட்டின் நேர் மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் ஒரு மணியோசை வரும். அதையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். புதுக் கம்பியிலும் இரண்டும் தெளிவாக வேறுபட்டு நின்றால் கிட்டாரைப் பற்றிப் பேசலாம். அதுவரை 20,000 ரூபாயைக் கடைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பேசாமல் ஜி வாசித்தால்?

இதில் உங்களுக்கு உரிமை எவ்வளவு, எல்லை எவ்வளவு என்று பார்க்கலாம். துணைக்கு வாசிப்பவர் ஒரு கார்டின் எல்லா ஸ்வரங்களையும் வாசிக்கவேண்டும் என்ற கடமை இல்லை. விட்டுவிடலாம். ஆனால் மாற்றிவிடக்கூடாது. நீங்கள் ஜி+ வரும் இடத்தில் முழு ஜி வாசித்தால் உங்கள் கையிலிருந்து டி வருகிறது. அதே நேரம் கீபோர்டிலிருந்து டி ஷார்ப் வருகிறது. முதல் வாரம் தப்பித்தது அவர் வராததால்தான். இந்த முறை உரசல் இரண்டு கருவிகளுக்கு நடுவே நடக்கும், யார் மேல் பிழை என்று தெரியாமல் இருவரும் திட்டு வாங்குவீர்கள்.

பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது: மூன்றாம் கம்பி 4, முதல் கம்பி 3, இரண்டாம் கம்பியை ஆள்காட்டி விரல் நுனியால் லேசாகத் தொட்டு ஊமையாக்கிவிடுங்கள். பியும் ஜியும் மட்டும் ஒலிக்கும். ஜிக்கும் ஜி+க்கும் பொதுவானவை அவை இரண்டுமே. உங்களால் எந்தக் கெடுதலும் வராது. கைவரும்வரை இரண்டு வாரம் இப்படி ஓட்டலாம். ஆனால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்லமாட்டேன். இரண்டாம் கம்பியில் 3, 4, 5 என்று ஏறும் அந்த மூன்று ஸ்வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊமையாக்குவது எனக்கே மனம் வரவில்லை.

குழுவில் யார் சொல் இறுதி என்பது உங்கள் பங்குக்குத் தெரியும். பாடகர்களுக்குச் சிரமம் என்று நடத்துநர் சொன்னால் ஜி+ஐ எடுத்துவிடலாம், பாட்டு விழுந்துவிடாது. எடுத்தால் கீபோர்டும் சேர்ந்து எடுக்கவேண்டும்.

சனிக்கிழமை ஒத்திகைக்குக் கால் மணி நேரம் முன்னால் போங்கள். கீபோர்டு இளைஞரிடம் அந்தத் தாளில் ஒவ்வொரு கார்டின் மேலும் தாள எண்ணிக்கையைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த மூத்தவரை அழைத்து, நான்காவது வரியின் கடைசி அசையை மட்டும் பாடச் சொல்லி, நீங்கள் 4, 3, 3 வாசியுங்கள். அவர் மூச்சு முடிந்து அடுத்த வரிக்கு வாய் திறக்கும் முன் மோதிரவிரலை வையுங்கள். அது என்ன கார்டு என்று அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.